அம்புக்கு உரியவள்

சுக்கோவுக்குத் தன் மருமகனைத் திட்ட வேண்டுமென்று தோன்றினால் நாயைக் கூப்பிடுவாள். மருமகனிடம் நேராகப் பேசக் கூடாது, அவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அவன் உட்கார்ந்த இடத்தில் உட்காரக் கூடாது. அவனுக்கும் அப்படியே. மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு நெருப்பாவது, ஒரு ஆளாவது, ஒன்றுமே கிடைக்காவிட்டால் ஒரு நாயாவது இருந்தாக வேண்டும். நல்லவேளையாகத் துமா தாங்கலில் நாய்க்குப் பஞ்சமில்லை.

"ஏய் நாயே, இங்க வா," என்றாள் அன்று காலை, நெருப்புக்கு அந்தப் பக்கமிருந்து. "இந்த வீட்டுக்கு மருமகன் வந்து எத்தனை மழை போச்சு, ஞாபகம் இருக்கா உனக்கு? அவரு எனக்குக் கொண்டாந்து போட்ட மாமிசம் என்னன்னு தெரியுமா? டின் மீன்! அந்த மீனு ஓடறப்போ எப்படித்தான் துரத்தினாரோ, பாவம். மூச்சு வாங்கியிருக்கும்."

"அவரு எங்க துரத்தினாரு?" என்று கேஷே குடிசை வாசலிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சுக்கோவுக்கு அவன் பங்காளி முறை; வயது ஏற ஏற வாயும் ஏறிக்கொண்டே போகிற ஆள். "கடைக்காரன்ல துரத்தினான் அவரை!"

எல்லோரும் சிரித்தார்கள். தாபே நெருப்புக்கு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தான். காது சூடேறிவிட்டது. பக்கத்திலிருந்த மனைவி கோவானாவிடம், "உங்கம்மாகிட்ட சொல்லு, டின்னு மீனு ரொம்பப் பொல்லாததுன்னு. திறக்கறப்போ என் விரலையே வெட்டிடுச்சு," என்றான். கோவானா சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, சுக்கோவின் காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் கோவானா அம்மா பக்கம் திரும்பி ஒரு முறை சொன்னாள். முறை என்றால் முறைதான்.

பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். அந்தக் கேலிக்கு அடியில் இருந்தது வேடிக்கை இல்லை என்று தாபேவுக்குத் தெரியும். பெண்ணைக் கட்டியவன் பெண் வீட்டாரோடு வந்து தங்கி, அவர்களுக்கு வேட்டையாடிப் போட வேண்டும். போட்டவன் மருமகன். போடாதவன் சும்மா வந்து தங்கியிருக்கிறவன். தாபே கோவானாவைக் கட்டியது லாரி இறக்கிவிட்ட இடத்தில். அங்கே கையில் வில்லோடு நடந்தாலே பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு அவன் கொடுத்தது ஒரு ஆடு, அதுவும் வேறொருவன் வளர்த்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டன. இன்னமும் தான் யார் என்று அவனுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

லாரி இறக்கிவிட்ட இடத்துக்கு அரசாங்கம் ஒரு அழகான பெயர் வைத்திருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. காப்புக்காட்டுக்குள் மனிதர்கள் இருந்தால் விலங்குகள் அழிந்துவிடும் என்று ஒரு நாள் திடீரென்று யாருக்கோ ஞானம் வந்தது. குடிசைகளைப் பிரித்துப் போட்டார்கள். ஆழ்துளைக் குழாயின் மோட்டாரைக் கழற்றினார்கள். தொட்டியில் இருந்த தண்ணீரை மணலில் திறந்துவிட்டார்கள், தாகத்தோடு நின்றவர்களின் கண்ணெதிரிலேயே. பிறகு எல்லோரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே இறக்கினார்கள். பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து அந்த விலங்குகளோடுதான் இவர்கள் இருந்தார்கள், ஒன்றும் அழிந்துவிடவில்லை. வேலி வந்த பிறகுதான் கம்பியில் முட்டிக்கொண்டு, தண்ணீருக்குப் போக வழியில்லாமல் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இதையெல்லாம் சொன்னால் கேட்கிறவன் யார்? புது இடத்தில் குழாய் இருந்தது, சாராயக்கடை இருந்தது, காசநோய் இருந்தது. சுக்கோவின் தம்பி காயேச்சே அங்கேதான் இருமி இருமிச் செத்தான்.

சுக்கோ அதன்பிறகு அங்கே இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். துமா தாங்கல், மழைநீர் தேங்குகிற அந்தப் பள்ளம், அவளுடைய நோரே. நோரே என்றால் சொந்த மண். விற்கவும் வாங்கவும் ஆகிற சொந்தம் இல்லை. அங்கே தண்ணீர் குடிக்க வருகிறவன், கிழங்கு தோண்ட வருகிறவன் முதலில் யாரிடம் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டுமோ அவருக்கு உரிய மண். அவள் அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்தது. அவரைப் புதைத்ததும் அங்கேதான். அவள் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தாள். எழுந்திரு என்றால் எழுந்து, அவர்கள் உள்ளே போனதும் மறுபடி உட்கார்ந்தாள். வழக்கு, வக்கீல், விசாரணை என்று இழுத்தடித்து, இந்தக் கிழவியோடு மல்லுக்கட்டி மாளாது என்று கடைசியில் அனுமதி கொடுத்தார்கள். சுக்கோ துமா தாங்கலில் வாழலாம். அவளைச் சேர்ந்தவர்களும் அவளோடு இருக்கலாம். அவள் வெளியேறினால் எல்லோரும் வெளியேற வேண்டும். வேட்டை கூடாது, வேட்டையாடிப் பிடிபட்டால் அனுமதி ரத்து.

ஆக, துமா தாங்கலில் எரிந்துகொண்டிருந்த அத்தனை நெருப்பும் அந்த ஒருத்தியின் பெயரை நம்பித்தான் எரிந்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. காட்டுத் தர்பூசணி கொடியிலேயே சுருங்கிப் போயிற்று. அரசாங்கம் கொடுக்கிற சோளமாவு வேலிக்கு வெளியே வருகிறவர்களுக்குத்தான்; கழுதையோடு போய் வாங்கி வர வேண்டும். கழுதையைச் சிங்கம் தின்றுவிட்டது. பிள்ளைகள் அழாமல் இருக்கத் தொடங்கின, அதுதான் பயமாக இருந்தது. அப்படிப்பட்ட நாளில் தாங்கலின் காய்ந்த சேற்றில் எலாண்டு மான் ஒன்றின் குளம்படியைத் தாபே பார்த்தான். எலாண்டு என்றால் சாதாரண மான் இல்லை, பெரிய காளை மாட்டுக்கு மேலே நிற்கும். அவ்வளவு கொழுப்பு வேறு எந்த விலங்கிலும் கிடையாது.

அவன் வந்து கோவானாவிடம் சொன்னான், கொஞ்சம் உரக்கவே. கேஷேகூட வாயை மூடிக்கொண்டான்.

சுக்கோ எழுந்து குடிசைக்குள் போனாள். ஒரு அம்போடு வெளியே வந்தாள். காயேச்சே செய்து, சாவதற்கு முன் அக்காவுக்குப் பரிசாகக் கொடுத்த அம்பு. நாணல் தண்டு, எலும்பு இணைப்பு, முனை மட்டும் இரும்பு. அந்த இரும்பு காப்புக்காட்டு வேலியிலிருந்து அறுத்த கம்பி. காயேச்சே அதைத் தட்டித் தட்டி முனையாக்கும்போது, "எங்களை அடைக்கறதுக்குக் கொண்டாந்தீங்க, எனக்கு அம்புக்கு ஆச்சு," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இருமியிருக்கிறான்.

"கோவானா," என்றாள் சுக்கோ. "அங்க உக்காந்திருக்கறவருகிட்ட இதைக் குடு. இது என் தம்பி எனக்குக் குடுத்தது, நான் அவருக்கு வேட்டைக்குத் தரேன். பத்திரமா எய்யச் சொல்லு. நாய்க்கும் சேர்த்துத்தான் பசிக்குதுன்னு சொல்லு."

"அம்மா, அனுமதி..."

"என் தாங்கல்ல வந்து தண்ணி தேடுற மானைச் சாப்பிட நான் யாரைடி கேக்கணும்?"

தாபே அம்பை வாங்கிக்கொண்டான். அனுமதி போனால் என்னவாகும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் இத்தனை வருடம் கழித்து மாமியார் தன் தம்பியின் அம்பைத் தன் கையில் கொடுத்திருக்கிறாள். அந்த நிமிடத்தில் அவனுக்கு அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பின்னாளில் அவன் இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தான்.

புதருக்கடியில் தோண்டியெடுத்த வண்டின் புழுவை நசுக்கி, முனைக்குக் கீழே நஞ்சு பூசினான். காலடி பிடித்து, காற்றுக்கு எதிரே தவழ்ந்து, எய்தான். அம்பு விலாவில் தைத்தது. எலாண்டு ஒரு துள்ளு துள்ளி ஓடிற்று. வண்டின் நஞ்சு உடனே கொல்லாது. வேட்டைக்காரன் வீட்டுக்கு வந்து காத்திருந்து, பிறகு தடம் பிடித்துப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்தவன் பேசாமல் உட்கார்ந்தான். அப்படித்தான் உட்கார வேண்டும். அப்புறம் கேஷே வந்து, ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்.

"என்ன, இன்னிக்கு ஏதாவது பார்த்தியா?"

"நான் என்னத்தப் பாத்தேன்? எனக்குக் கண்ணே சரியில்ல. ஏதோ சின்னதா ஒன்னு ஓடின மாதிரி இருந்துச்சு."

கேஷேவின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பதில் வந்தால் பெரிய விலங்கு என்று அர்த்தம். நான் கொன்றேன் என்று வாயைத் திறந்து சொல்கிற வேட்டைக்காரன் அவர்களில் கிடையாது. அப்படிச் சொல்கிறவனுக்குத் தலை கனத்துவிடும், தலை கனத்தவன் நாளைக்கு மற்றவர்களை அதட்டுவான், பிறகு ஒரு நாள் யாரையாவது கொல்வான். அதனால் சின்னப் பையனாக இருக்கும்போதே இந்தப் பதில் நாக்கில் ஊறிவிடுகிறது.

மறுநாள் எல்லோருமாகத் தடம் பிடித்துப் போனார்கள். முள்மரத்தடியில் எலாண்டு விழுந்து கிடந்தது, குன்று மாதிரி. கேஷே அதைச் சுற்றி வந்து காறித் துப்பினான்.

"இதுக்கா எங்களை வெயில்ல இழுத்தடிச்சே? எலும்பும் தோலும்! இதைத் தூக்கிட்டுப் போனா நரி நம்மைப் பார்த்துச் சிரிக்கும்."

"ஆமா, வீண்தான்," என்றான் தாபே. "விட்டுட்டுப் போயிடலாம். போற வழியில முயல் கிடைச்சாலும் கிடைக்கும்."

திட்டித் திட்டி, சிரித்துச் சிரித்து அறுத்தார்கள். துமா தாங்கலுக்குக் கொண்டுவந்ததும் சுக்கோ எழுந்து முன்னால் வந்தாள். இனி எல்லாம் அவள் கையில். எய்தவன் யார் என்பது பெரிதில்லை. எந்த அம்பு தைத்ததோ அந்த அம்புக்கு உரியவருக்குத்தான் மாமிசம். ஒரு வேட்டைக்காரன் தன் அம்பறாத்தூணியில் நாலு பேர் கொடுத்த அம்புகளோடு திரிவான், பெண்கள் கொடுத்ததும் இருக்கும், கண் தெரியாத கிழவர் கொடுத்ததும் இருக்கும். அப்படித்தான் எய்யத் தெரியாதவனும் மாமிசத்துக்குச் சொந்தக்காரன் ஆகிறான். சொந்தம் என்றாலும் தின்பதற்கு இல்லை, பங்கு போடுவதற்கு. குறை வந்தால் திட்டு வாங்குவதும் அம்புக்கு உரியவர்தான்.

சுக்கோ பங்கு போட்டாள். நெஞ்சுக் கொழுப்பை எடுத்து, இலையில் வைத்து, கோவானாவிடம் கொடுத்தாள். "அங்க உக்காந்திருக்கறவருக்கு," என்றாள். பிறகு நாயைக் கூப்பிட்டாள். "ஏய் நாயே, இந்த வீட்டுக்கு ஒரு மருமகன் வந்திருக்காராமே, பார்த்தியா நீ?"

தாபே தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் நின்றது. கொழுப்பின் புகை என்று கோவானாவிடம் சொன்னான்.

சிங்கம் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள்தான் காட்டிக்கொடுத்தது. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்து, அங்கே சிங்கம் இருக்கும் என்று ஆசையோடு வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள். முள்மரத்தடியில் எலும்பும் கத்தி பட்ட தடமும் மனிதக் காலடியும் கிடந்திருக்கின்றன. ஏமாற்றத்தோடு போய் விடுதியில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வனத்துறை வண்டி வந்தபோது மாமிசம் நீள நீளமாகக் கிளைகளில் காய்ந்துகொண்டிருந்தது. இறங்கிய அதிகாரி இளவயதுக்காரன். மடிப்புக் கலையாத சட்டை. கெட்டவன் மாதிரித் தெரியவில்லை. அவன் பின்னாலேயே குந்தா இறங்கினான். குந்தா சுக்கோவின் தங்கை மகன். வனத்துறையில் தடம் பார்க்கிற வேலை, கூடவே இவர்கள் பேசுவதை அதிகாரிகளுக்கு மொழிபெயர்க்கிற வேலை. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வண்டியின் கதவை மூடினான்.

அதிகாரி ஆண்களைப் பார்த்தான். வில் சாய்த்து வைத்திருந்த குடிசை தாபேவுடையது. அவனிடம் வந்தான்.

"நீதானே கொன்ன?"

குந்தா அதை அப்படியே கேட்டான், சுருதி பிசகாமல். தாபே வாயைத் திறந்தான். நினைத்துப் பார்ப்பதற்கு முன்பே நாக்கு சொல்லிவிட்டது.

"நான் என்னத்தக் கொன்னேன்? எனக்குக் கண்ணே சரியில்ல. ஏதோ சின்னதா ஒன்னு ஓடின மாதிரி இருந்துச்சு."

கேஷே அனிச்சையாகத் தலையாட்டினான். சரியான பதில், ஒரு எழுத்துப் பிசகாத பதில். குந்தா கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அதை அதிகாரிக்கு மொழிபெயர்த்தான். அதிகாரி எழுதிக்கொண்டான்.

"இவன் கொல்லலையாம். அப்ப இது யாருடையது?"

"என்னோடது," என்று சுக்கோ எழுந்து நின்றாள்.

எந்தக் கூட்டத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்தான். அம்பைக் குடிசைக் கூரையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு வந்தாள், ஒளிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பெரியம்மா," என்றான் குந்தா. "யோசிச்சுச் சொல்லு. அவங்க கேக்கறது வேற."

"இதுல யோசிக்க என்னடா இருக்கு? அம்பு என்னோடது. என் தம்பி குடுத்தது. மாமிசம் என்னோடது, பங்கு போட்டது நான். உனக்கும் பங்கு எடுத்து வச்சிருக்கேன், கொண்டுபோ. உன் கூட வந்திருக்கற புள்ளைக்கும் ஏதாவது குடுக்கறேன், மெலிஞ்சு கிடக்குது."

அவள் கிளையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குந்தாவின் முன்னால் நீட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பெரியம்மா கையால் கொடுக்கிறதை வாங்காமல் அவன் நின்றது அதுதான் முதல் தடவை.

தாபே எழுந்திருக்க வேண்டும். எழுந்து, இல்லை, நான்தான் கொன்றேன், என்னுடையது என்று கத்த வேண்டும். மாமியார் பேசும்போது குறுக்கே பேச வேண்டும், அவள் முகத்துக்கு நேரே, அவள் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும், அதோடு ஊரார் முன்னால் வேட்டைப் பெருமையும் அடித்துக்கொள்ள வேண்டும். அவன் பிறந்ததிலிருந்து செய்யக் கூடாது என்று படித்த எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் செய்ய வேண்டும். அவன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். சுக்கோவை வண்டியில் ஏற்றி, மாமிசத்தின் மேல் டீசல் ஊற்றிக் கொளுத்தி, வண்டி திரும்பிய பிறகுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"நான்தான்! நான்தான் எய்தேன்! அவங்கள விடுங்க!"

அதிகாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"கொஞ்சம் முன்னாடி கண்ணே சரியில்லன்னு சொன்னியே. இப்பத் தெரியுதா?"

கொழுப்பு எரிகிற வாசனை அன்றெல்லாம் இருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

வழக்கு நடந்த ஊருக்குத் தாபேவும் கோவானாவும் வழியில் போகிற லாரிகளைக் கைகாட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். நீதிமன்ற வராந்தாவில் குந்தா அவர்களைத் தேடி வந்தான். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"கேளு தாபே. நான் விசாரிச்சுட்டேன். பெரியம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த மாமிசம் என்னோடது இல்ல, எனக்கு ஒன்னும் தெரியாது, மருமகன் பண்ணினதுன்னு. நீ ஒத்துக்க. உன்னை உள்ள வைப்பாங்க, வச்சா வச்சுக்கட்டும், திரும்பி வந்துடுவே. அனுமதிக்காரங்களே பிடிபட்டாத்தான் ரத்தாம்; இல்லன்னா அவங்க பேர்லயே நிக்கும். தாங்கல் நிக்கும். அவங்க என்னோடதுன்னே சொன்னாங்கன்னா எல்லாம் போச்சு."

"நீ சொல்லலையா அவங்ககிட்ட?"

"சொன்னேன். என் முகத்தைப் பார்க்கல. நான் பங்கு வாங்கல இல்ல, அதனால நான் இப்ப யாரோ." குந்தாவின் உதடு கோணிக்கொண்டது. "கோவானா சொன்னா புள்ள பேச்சும்பாங்க. நீதான் சொல்லணும். எய்தவன் வாயால சொன்னாத்தான் ஏறும்."

"நான் எப்படிடா அவங்ககிட்ட..."

"வழி இருந்தா உன்கிட்ட வந்து நிப்பேனா?"

சுக்கோ வராந்தாக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கைவிலங்கோடு. பக்கத்தில் ஒரு காவல்காரி. தாபே நடந்து போனான். நடுவில் நெருப்பு இல்லை, நாய் இல்லை. கோவானா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள், அவன் நிற்கவில்லை. மாமியாருக்கு நேர் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தை," என்றான். அந்த வார்த்தையே அவன் வாயில் அந்நியமாக இருந்தது. "நான்தான் எய்தேன். உங்களோடது இல்லன்னு சொல்லிடுங்க. ஒரு தடவை. உங்க கால்ல விழறேன்."

சுக்கோ அவனைப் பார்க்கவில்லை. விலங்கு பூட்டிய கைகளைத் தூக்கி, தோளில் கிடந்த போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். இரும்பு சத்தம் போட்டது. போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கோவானா, யாரோ என் முன்னால வந்து உக்காந்திருக்காங்க போல. தள்ளி உக்காரச் சொல்லு. என் மருமகன் மரியாதை தெரிஞ்சவரு, அவரு பார்த்தா வருத்தப்படுவாரு."

"அம்மா, அவரு சொல்றதைக் கேளும்மா!"

"கேட்டேன். சொல்லு அவருகிட்ட. என் கையால எல்லாரும் வாங்கித் தின்னாங்க. அது என்னோடது இல்லன்னா திருட்டு மாமிசத்தையா பங்கு போட்டேன்? அப்புறம் சொல்லு. என் தாங்கல்ல நின்ன மான் என்னோடது இல்லன்னு இன்னிக்கு நான் இவங்க முன்னாடி சொன்னா, நாளைக்குத் தாங்கலே உன்னோடது இல்லன்னு இவங்க சொல்லுவாங்க. நான் எந்த வாயால மறுத்துப் பேசறது?"

தாபே எழுந்து தள்ளிப் போய் நின்றான். அவளுடைய பேச்சில் அவனால் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் சொன்னது முழுக்க உண்மை, அந்த உண்மைதான் அவர்களை அழிக்கப் போகிறது என்பதும் உண்மை.

உள்ளே அதிக நேரம் ஆகவில்லை. அம்பை மேசையில் வைத்திருந்தார்கள். முனை அரசாங்கத்து வேலிக் கம்பி என்று அதற்கு ஒரு தனிக் குற்றம். தாபே எழுந்து தான்தான் எய்ததாகச் சொன்னான். அவன் அன்று சொன்னதை அதிகாரி படித்துக் காட்டினான். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மாமியார் மேல் இவ்வளவு பாசமுள்ள மருமகனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். சபையில் சிரிப்பு எழுந்தது. பிறகு அவர் சுக்கோவிடம் கேட்டார், குந்தா மொழிபெயர்த்தான்.

"என்னோடது," என்றாள் சுக்கோ.

குந்தா அதைத் திருப்பிச் சொல்லாமல் நின்றான். நீதிபதி இரண்டாம் முறை கேட்ட பிறகு சொன்னான்.

அவளுக்குச் சிறை. அனுமதி ரத்து. துமா தாங்கலுக்கு மறுபடி லாரி வந்தது. குடிசைகளை அவர்களையே பிரிக்கச் சொன்னார்கள். கேஷே கடைசி வரை ஒரு கேலியும் சொல்லாமல் லாரியில் ஏறி உட்கார்ந்தான், அவன் கேலியை அதன்பிறகு யாரும் கேட்டதே இல்லை. நாய்களை ஏற்ற இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவை கொஞ்ச தூரம் ஓடி வந்தன.

சுக்கோ விடுதலையாகி வந்தது லாரி இறக்கிவிட்ட இடத்துக்கு. பாதி ஆளாக வந்தாள், காயேச்சேவின் இருமலோடு. தகரக் கூரை போட்ட சிமெண்ட் அறை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கோவானா வாசலில் நெருப்பு மூட்டி, அம்மாவின் பாயை அந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டாள், கணவன் வந்து போக இடம் விட்டு. முதல் சில நாள் சுக்கோ பாயை விட்டு எழவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் தாபே ரேஷன் வாங்கிக்கொண்டு வந்தான். சோளமாவு, சீனி, டின் மீன். மாமியார் வாசலில் இருப்பதைப் பார்த்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, அறையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போகத் திரும்பினான்.

"தாபே."

அவன் நின்றான். அந்தக் குரலில் தன் பெயரை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்லக் கூடாத பெயர். கோவானா கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள்.

சுக்கோ அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை தோளிலிருந்து நழுவிக் கிடந்தது, அதை இழுத்துவிடவும் இல்லை.

"எதுக்குடா சுத்திக்கிட்டுப் போறே?" என்றாள். "இப்படியே குறுக்கால வா. இங்க யாரு இருக்கா, யாருக்கு மரியாதை?"

"அம்மா..." என்று கோவானா அழத் தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. தாபே, அந்த டின்னைத் திற. பசிக்குது எனக்கு."

அவன் நெருப்பைத் தாண்டி வந்தான். அவள் பாயின் ஓரத்தில், அவள் காட்டிய இடத்தில், உட்கார்ந்தான். டின்னைத் திறந்தான். மூடியின் விளிம்பு விரலை வெட்டியது, அவன் சொல்லவில்லை. அவள் கையை நீட்டி அவன் கையிலிருந்தே மீனை எடுத்து, யாருக்கும் பங்கு வைக்காமல் தின்றாள்.